இரண்டாம் கதவு, ஆறு அங்குலம்

இரவு பதினொன்று நாற்பது.
அளவுகோலின் சிவப்புப் பட்டையைத்
தண்ணீர் நக்கத் தொடங்கிவிட்டது.
மேலே இன்னும் பெய்கிறது.
வரைபடத்தில்தான் அது காடு, பச்சை மை.
சோளச் சேனையில் விழும் மழைக்குப்
பிடித்து நிற்க ஒரு வேரில்லை.
இரண்டு நாள் நடந்து வந்த வெள்ளம்
இப்போதெல்லாம் ஒரே இரவில் வந்துவிடுகிறது,
மரக்கட்டை, பிளாஸ்டிக் கான், செத்த கன்று
எல்லாவற்றோடும்.

தொலைபேசி.
கீழ்க்கண்டத்து வட்டவிதானை ஆதம்லெவ்வை:
"தம்பி, பயிர் முழங்காலுக்கு வந்திட்டு.
மூணு நாள் மூடிக் கிடந்தா அழுகிரும்.
கொஞ்சம் புடிச்சு வைங்க."
"பாப்பம் காக்கா" என்றேன்.

அடுத்தது முகத்துவாரத்து டொமினிக்,
மீனவர் சங்கச் செயலாளர்:
"ஆத்துவாய வெட்டுங்கோ எண்டு
கச்சேரியில வந்து நிக்கிறாங்க.
இறால் இன்னும் விரல் தண்டிதான்.
வெட்டினா முழுக்கக் கடலுக்கு.
நீங்க மெதுவாத் திறந்தா
நாங்க பத்து நாள் தாக்குப் பிடிப்பம்."

பத்து நாள்.
அணைக்கட்டின் தெற்கு மூலையில் ஒரு கசிவு.
நேற்றுத் தெளிந்த தண்ணீர்.
இன்று டோர்ச் அடித்துப் பார்த்தேன்,
தேயிலைச் சாயம்.
அது கட்டின் வயிற்றிலிருந்து வரும் மண்.

பொறியியலாளரின் குரலில் நித்திரை இல்லை:
"ரெண்டாம் கதவு. ஆறு அங்குலம்.
நேரத்தை எழுதிக்கொள்ளும்."

சக்கரம் முதலில் மறுத்தது.
கிரீஸ் மணம், உள்ளங்கையில் துரு.
பிறகு அடியில் ஓர் உறுமல்,
இருட்டுக்குள் வெள்ளையாய் ஒன்று
எழும்பி ஓடியது.

இனி அது போகும் வழி எனக்குப் பாடம்.
முதல் வளைவில் மருதமரங்கள் சாய்ந்து நிற்கும்.
என் மச்சான் ரவீந்தரன்
பெர்மிட் ஒன்றுக்கு மூன்று டிப்பர் என்று
தோண்டிய பள்ளம் அங்கேதான்;
ஆறு அதற்குள் விழுந்து புரண்டு
கரையைக் கடிக்கும்.
அப்பால் புது வீதி.
பத்துக் கண் பாலம் வேண்டிய இடத்தில்
இரண்டு ஹியூம் குழாய்.
அதில் ஒன்றை வாழைத்தண்டு அடைத்திருக்கும்.
படுவான்கரை வயலெல்லாம்
அந்த வீதிக்குப் பின்னால்
வரிசையில் காத்து நிற்கும்.

நிரம்பி வழிந்தால், பழைய வில்லு.
அது யானை மூழ்கும் ஆழம் இருந்ததாம்.
மாரியில் வாங்கி வைத்துக்கொண்டு
சித்திரையில் மெல்ல விடுமாம்.
உறுதியில் இப்போது அதன் பெயர்
மேட்டுக் காணி.
பத்து பேர்ச்சஸ் எனக்கு. வங்கிக் கடன்.
நிரப்ப நாற்பத்திரண்டு லோடு,
நானே நின்று எண்ணினேன்,
அந்த வளைவிலிருந்து வந்த மண்.

பன்னிரண்டு ஐந்துக்கு வீட்டுக்கு எடுத்தேன்.
"தவமலர், பிரிட்ஜைக் கல்லுக்கு மேல ஏத்து.
அரிசிய பரணில வை.
விடிய ஆறு ஆறரைக்கு வரும்."
"ஆர் சொன்ன?"
"நான்தான் திறந்தனான்."
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கல் இழுபடும் சத்தம்.

பதிவேட்டில் எழுதினேன்:
மழை, மட்டம், கதவு, அங்குலம்.
குறிப்பு என்ற கட்டத்தில்
கசிவு நிறம் மாறியது என்று மட்டும்.
நாற்பத்திரண்டு லோடுக்கு
அதில் கட்டம் இல்லை.

விடியும்போது கசிவு தெளியத் தொடங்கியிருந்தது.
ஆதம்லெவ்வை எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.

ஏழு மணிக்கு மகன்.
குரலில் பயத்தைவிடப் புதினம்:
"அப்பா, ஹோலுக்குள்ள பனையான்!
மூணு, இல்ல நாலு.
செட்டிக்குக் கீழ நீந்துது.
வாளியில புடிச்சு வைக்கட்டா?
வெள்ளம் வடிஞ்சாப் பிறகு
அதுகள்ற இடத்தில கொண்டு விடுவம்.

எங்கயப்பா அது?"